சென்னியப்பன் விற்ற சிவப்புப் பொத்தான்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள். கோயமுத்தூர் கணபதியில், ஒரு டயர் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் இருந்த குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் கோகிலவாணி. கையில் கமண்டலத்துக்குப் பதிலாகச் சால்டரிங் அயர்ன் இருக்கும். கெட்டுப்போன மெஷின் போர்டுகளுக்கு உயிர் கொடுப்பது அவள் தொழில்.

சிஷ்யருக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் சென்னியப்பன். இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இவளிடம் வந்து ஆறு மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போர்டு வேலை கற்றுக்கொண்டார். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று பிடிபடாது. அவர்கள் இருவருக்கும் தெரியும், அது போதாதா?

கற்றுக்கொண்டபின் சென்னியப்பன் சிங்காநல்லூரில் கடை போட்டார். வீட்டிலேயே பொழுதுபோக்காகச் சின்ன சிஎன்சி மெஷின் செய்துகொள்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் படம் போட்டால் அந்த மெஷின் அதை மரப்பலகையில் செதுக்கிக் கொடுக்கும். சட்டம், மோட்டார், திருகு எல்லாம் அவர்களே தேடிச் சேர்த்துக்கொள்வார்கள். மூளை வேண்டுமே. அந்த மூளையைத்தான் சென்னியப்பன் விற்றார். கன்ட்ரோலர் போர்டு, பவர் சப்ளை, ஆபத்து என்றால் அழுத்தி நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான், எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டி வெளிநாட்டிலிருந்து வரும். இவர் அதன்மேல் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிடுவார். பிரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பிரித்தால் சீல் போய்விடும். சீல் போன பெட்டியைக் கண்டால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அவர் கணபதிக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேள்வியும் வந்துவிட்டது.

“அம்மிணி, விக்கறவனோட பொறுப்பு எதுவரைக்குமுங்க?”

கோகிலவாணி லென்ஸ் வழியாக ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “யாருங்ணா உங்களை இப்படிக் காய்ச்சினது?”

“போத்தனூர்ல ஜெபதாஸ்னு ஒருத்தர். சர்ச்சுல கீபோர்டு வாசிக்கறாரு. வாத்தியார் வேலையும் அதுலதான், குடும்பம் ஓடறதும் அதுலதான். கிறிஸ்மஸ் குடில் மரத்துல செதுக்கோணும்னு நம்ம செட்டு ஒண்ணு வாங்கினாரு. நானே வண்டில கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். அன்னில இருந்து புடிச்சுதுங்க சனியன். பத்து நாளா போன். சோத்துல கை வெச்சா போன் அடிக்குது.”

“என்ன கேக்கறாரு?”

“சிவப்புப் பொத்தான் ஒயரை எந்த ஸ்க்ரூவுல மாட்டறதுன்னு கேக்கறாரு. பெட்டிக்குள்ள இருக்கற நோட்டீசுல ஒரு மாதிரி படம் போட்டிருக்குதாமா. போர்டு மேல வேற மாதிரி அச்சடிச்சிருக்குதாமா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் வாங்கி விக்கறவனுங்க, செஞ்சவனைக் கேளுங்கன்னு சொன்னேன்.”

“கேட்டாராமா?”

“கேட்டாராமா. நீங்க யார்கிட்ட வாங்கினீங்களோ அவங்களையே கேளுங்கன்னு அவன் மெயில் போட்டுட்டானாமா.”

கோகிலவாணி லென்ஸைத் தள்ளி வைத்தாள். “அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, மறுபடியும் என் தலைமேலதான் வந்து விடிஞ்சுது.” சென்னியப்பன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “இன்னிக்குக் காத்தால அந்த நம்பரை பிளாக் பண்ணிப்போட்டனுங்க. இப்பத்தான் காதுக்கு நிம்மதி.”

அவரால் விட முடியவில்லை.

“நாயத்தைச் சொல்லுங்க அம்மிணி. மாட்டை வித்தவன் கயித்தையும் சேத்துத்தான் குடுத்துட்டு வந்தான். அப்புறம் மாடு ஒதைக்குது, முட்டுதுன்னு தெனமும் வந்து வாசல்ல நின்னா அவன் என்னத்தப் பண்ணுவான்? வாங்கறப்ப அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க. வாங்கினதுக்கப்புறம் காலத்துக்கும் கூடவே நிக்கோணும்ங்கறாங்க. நான் கடைக்காரனா, கொத்தடிமையா?”

“உங்க போனைக் குடுங்க” என்றாள் கோகிலவாணி.

கடைக்கென்று அவர் வைத்திருந்தது ஒரு பழைய பட்டன் போன். இன்னொரு போனை மகள் வைத்துக்கொண்டுவிட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியைக் கழற்றினாள். பேட்டரியை எடுத்து இழுப்பறையில் போட்டாள். சிம்மை எடுத்து மேஜைமேல் ஒரு டப்பாவில் வைத்தாள். இனி அடிக்காது, நல்லதாகப் போயிற்று என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார்.

“உங்க செட்டு ஒண்ணு கைவசம் இருக்குதுங்களா?”

“வண்டில இருக்குதுங்க. கவுண்டம்பாளையத்துல குடுக்கறதுக்கு.”

“எடுத்துட்டு வந்து பிரிங்க.”

“சீல் போயிருமுங்க.”

அவள் பிளேடை நீட்டினாள். குரு நீட்டினால் வாங்கத்தானே வேண்டும். வாங்கி, டேப்பைக் கிழித்தார். இதுவரை நாற்பத்தொரு பெட்டி விற்றிருந்தார். அதற்குள் என்ன எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

பட்டறையின் ஓரத்தில் சோதனைக்கென்று ஒரு சின்ன மெஷின் இருந்தது. போர்டை அதில் மாட்டச் சொன்னாள். பொத்தானையும் மாட்டச் சொன்னாள். “நோட்டீசுல படம் எப்படி இருக்குதோ அப்படியே மாட்டுங்க. உங்க அறிவைக் கலக்காதீங்க.”

அவர் கலக்கவில்லை. படத்தைப் பார்த்துப் படத்தின்படியே இரண்டு ஒயர்களையும் முறுக்கினார். மெஷினை ஓட்டினார்கள். கட்டர் விர்ரென்று சுற்றிக்கொண்டு பலகைமேல் நகர்ந்தது. சென்னியப்பன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். எல்லாம் அப்படியே நின்றது.

“பாத்தீங்களா, நம்ம சரக்கு சுத்தம்” என்றார்.

“சரிங்ணா. பக்கத்துல போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க.”

பேக்கரியில் கூட்டம். அவர் திரும்பி வர ஐந்தாறு நிமிஷம் ஆயிற்று. வந்து பார்த்தால் மெஷினில் பலகை மாறியிருந்தது. பலகையின் நடுவில், இரண்டு பக்கமும் பிடி போட்டு இறுக்கி, அவருடைய போன் உட்கார்ந்திருந்தது.

“என்னங்க இது?”

“மெஷின் ஒரே ஒரு கோடு போடும். அந்தக் கோடு போன் மேலதான் போகுது. பொத்தான் உங்க கையில இருக்குது. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்குங்க.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. “வெளையாடறீங்களா அம்மிணி?”

அவள் விளையாடுகிற ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினாள்.

கட்டர் பலகையின் ஓரத்தில் இறங்கியது. மரத்தூளைத் துப்பிக்கொண்டு போனை நோக்கி நகர்ந்தது. சென்னியப்பன் இடது கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு வலது உள்ளங்கையைப் பொத்தான்மேல் வைத்தார். கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று விட்டார். தான் விற்ற பொத்தான், தான் முறுக்கிய ஒயர், இப்போதுதானே நின்றது. ஒரு சாண் இருந்தது. நாலு விரல் இருந்தது. இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது அலட்சியமாக அழுத்தினார்.

மெஷின் நிற்கவில்லை.

இன்னொருமுறை அழுத்தினார். கட்டர் போனின் விளிம்பைத் தொட்டது. டீயைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் குத்தினார். பிளாஸ்டிக் கதறியது. ஏழாம் நம்பர் பட்டன் தெறித்து அவர் கன்னத்தில் வந்து அடித்தது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினார். கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டர் போனை இரண்டாகப் பிளந்து, கோட்டை முடித்து, மேலே எழும்பி, தன் இடத்துக்குப் போய் ஓய்ந்தது.

சென்னியப்பன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். கை இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

“என்னங்க பண்ணிப்போட்டீங்க அம்மிணி?”

“நான் ஓட்டிவிட்டவ மட்டுந்தானுங்ணா. செஞ்சவனைக் கேளுங்க.”

அவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. இருபத்தாறு வருஷம் மில்லில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. “இப்பத்தானுங்க நின்னுச்சு. பத்து நிமிஷம் ஆகல.”

அவள் பொத்தான் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் ஒரு ஒயர் துண்டாகித் தொங்கியது. “நீங்க டீ வாங்கப் போனப்ப வெட்டினேன்.”

அவர் குனிந்து பார்த்தார்.

“இதுல ரெண்டு ஜோடி ஸ்க்ரூ இருக்குது பாருங்க” என்றாள். “இந்த ஜோடில மாட்டினா என்ன ஆகும்?”

“அழுத்தினாத்தான் கரண்டு போகும். கரண்டு போனாத்தான் மெஷின் நிக்கும்.”

“ஒயர் அறுந்திருந்தா?”

“எவ்வளவு அழுத்தினாலும் போகாது.”

“அந்த ஜோடில?”

“எந்நேரமும் கரண்டு போயிட்டே இருக்கும். அழுத்தினாலும் நிக்கும். ஒயர் அறுந்தாலும் அந்த நிமிஷமே மெஷின் நின்னுக்கும்.”

“நோட்டீசுல படம் எதுக்குப் போட்டிருக்குதுங்ணா?”

“மொத ஜோடிக்கு.”

“போர்டுல அச்சடிச்சிருக்கறது?”

சென்னியப்பன் போர்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “ரெண்டாவது ஜோடிக்கு” என்றார். குரல் பாதியில் உள்ளே போய்விட்டது.

இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதுதான் கொடுமை. மில்லில் எந்த மெஷினிலாவது யாராவது பொத்தானை இப்படி மாட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். ஜெபதாஸ் கேட்டது ஒரு நிமிஷத்துப் பதில். பெட்டியைப் பிரித்திருந்தால் அந்தப் பதிலைத் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்.

கோகிலவாணி மெதுவாகக் கேட்டாள். “ஜெபதாஸ் எத்தனை விரல்ல கீபோர்டு வாசிப்பாருங்ணா?”

சென்னியப்பன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். போன் அங்கே இல்லை. மெஷினைப் பார்த்தார். ஜெபதாஸின் நம்பர் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. பில் புக்கு சிங்காநல்லூர் கடையில் பூட்டிக்கிடந்தது. வீடு மட்டும் தெரியும். ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் வண்டியை உதைத்தார்.

காந்திபுரத்தில் சிக்னல் விழுந்தது. உக்கடத்தில் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் வண்டியில் உட்கார்ந்தபடியே தன்னைத்தானே திட்டிக்கொண்டதை எழுத முடியாது. ஜெபதாஸ் தன் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பெட்டியைக் கொடுக்கப் போன அன்றைக்கு, சார் ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க என்று நிறுத்தி வைத்து வாசித்துக் காட்டியதும் ஞாபகம் வந்தது. நேரமாகிறது என்று இவர்தான் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

போத்தனூரில் அந்தச் சந்துக்குள் திரும்பும்போதே மெஷின் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. கதவு திறந்திருந்தது. ஜெபதாஸ் மெஷின்மேல் குனிந்திருந்தார். பலகை சின்னது, பிடி எட்டவில்லை. அதனால் கீபோர்டில் நாலைந்து கட்டைகளை ஒன்றாக அழுத்துகிறாற்போல இடது கை விரல்களை விரித்துப் பலகையை அழுத்திப் பிடித்திருந்தார். வலது கை சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது. கட்டர் ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டு அந்த விரல்களின் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் கை நகரும். நேரே சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

சத்தம் அடங்கியது. ஜெபதாஸ் நிமிர்ந்தார்.

“சார், நீங்களா? உங்களைத்தான் காலைல இருந்து கூப்பிட்டுட்டே இருக்கேன். லைனே போகல. சரி, பிசியா இருப்பீங்க, எத்தனை தடவைதான் தொந்தரவு பண்றதுன்னு நானே ஆரம்பிச்சுட்டேன்.”

“கையை… கையை அங்கே வெச்சிருக்கீங்களே.”

“பயமில்ல சார். பொத்தான் இருக்கே. நீங்க குடுத்ததுதானே. கிட்ட வந்தா அமுக்கிடலாம்னு ரெடியா இருந்தேன்.”

சென்னியப்பன் அந்தப் பொத்தான் பெட்டியைக் கையில் எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு ஒயர் ஸ்க்ரூவிலிருந்து கழன்று காற்றில் நின்றது.

ஜெபதாஸ் எட்டிப் பார்த்தார். “அட, கழண்டுருச்சா? எந்த ஸ்க்ரூன்னு தெரியலையே சார், நீங்க சொன்னதும் மாத்திக்கலாம்னு முறுக்காம லேசா விட்டிருந்தேன்.”

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மரத்தூள், சிமென்ட், எதையும் பார்க்கவில்லை. ஜெபதாஸ் வீட்டுக்குள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வெயில்ல வந்தது ஒத்துக்கல போலிருக்கு என்றார். சென்னியப்பன் தண்ணீரைக் குடிக்காமல் ஜெபதாஸின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா விரல்களும் இருந்தன. திரும்பவும் எண்ணிப் பார்த்தார்.

பிறகு எழுந்து ஒயர்களை இரண்டாவது ஜோடியில் மாட்டி, அதற்கேற்றபடி போர்டில் இருந்த சின்ன ஸ்விட்சையும் தள்ளிவைத்தார். முறுக்கினார். இழுத்துப் பார்த்து மறுபடி முறுக்கினார். மெஷினை ஓட்டவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னார், நின்றது. ஓட்டவிட்டு ஒயரைப் பிடுங்கினார், அப்போதும் நின்றது. பலகையைப் பிடிக்க நீளமான மரக்கட்டை ஒன்றைத் தேடி அவரே பிடியும் செய்து கொடுத்தார்.

வாசல் வரைக்கும் வந்த ஜெபதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். “வாங்கினதுக்கப்புறமும் இவ்வளவு தூரம் வந்து பாக்கறீங்களே சார். இந்தக் காலத்துல யாரு செய்யறாங்க?”

அந்த வார்த்தைக்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சென்னியப்பனுக்கு.

கணபதிக்கு அவர் திரும்பி வந்தபோது மணி மூன்று. கோகிலவாணி டப்பாவில் இருந்த சிம்மை வேறொரு பழைய போனில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அரை நிமிஷம் பிந்தியிருந்தா…” என்றார்.

“சாப்பிட்டீங்களாண்ணா?”

“எறங்காதுங்க.”

பக்கத்தில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். துடைத்தபிறகு கொஞ்சம் தெளிவு வந்தது.

“ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல தப்பிச்சுதுங்க. அந்த மட்டுல இந்தச் சங்கடம் இவர் ஒருத்தரோட போச்சு.”

“ஒருத்தரோடயா?”

“ஆமாங்க. நாப்பத்தொரு செட்டு குடுத்திருக்கறேன். கேள்வி கேட்டது ஜெபதாஸ் ஒருத்தர்தானுங்க. மத்த நாப்பது பேர்கிட்ட இருந்து இத்தனை மாசத்துல ஒரு போன் கெடையாது, ஒரு சத்தங் கெடையாது. அவங்கெல்லாம் சரியாத்தானுங்க இருப்பாங்க.”

கோகிலவாணி மேஜைமேல் இருந்த போனை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“நீங்க டீ வாங்கப் போனப்ப நான் ஒயரை வெட்டினனே,” என்றாள், “உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களாண்ணா?”